பாலகுருவின் பெட்டியும் சடையப்பனின் குழாயும்

பாலகுரு மரக்காணம் கடைத்தெருவுக்குப் போகிற வழி கொஞ்ச காலமாக மாறியிருந்தது. உப்பளத்திலிருந்து வண்டியை எடுத்தால் நேரே வந்து, ‘சடையப்பன் சவுண்டு சர்வீஸ்’ கடையைத் தாண்டி, டீக்கடை முன்னால் நிறுத்துவதுதான் பழைய வழக்கம். இப்போது அந்தக் கடை கண்ணில் படுவதற்கு முன்பே திரும்பி, மீன் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனார். மீன் மார்க்கெட்டை யாரும் சும்மா கடந்துவிட முடியாது. கூடைக்காரிகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வாங்காமல் போனால் பெயரோடு வேறு ஏதாவது சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஆகவே வாரத்தில் பாதி நாள் பாலகுருவின் கையில் மீன் பை இருந்தது.

“ஏங்க, இன்னிக்கும் கெளங்கான் மீனா?” என்றாள் அவர் மனைவி ரேணுகா.

“பிரெஷ்ஷா இருந்துச்சி.”

“நேத்து கூட பிரெஷ்ஷா தான் இருந்துச்சி. மைக் செட்டுக்காரர் மூஞ்சிய பாக்காம இருக்கணும்னு இன்னும் எத்தினி நாளிக்கி நாங்க மீன் துன்னணும்? போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. நானும் ஒரு சாம்பார் வெச்சி பாக்குறேன்.”

அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. ‘தப்பு என்னுது’ என்பது அந்த வார்த்தை. உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுவதை மேற்பார்க்கும் வேலை பாலகுருவுக்கு. அங்கே ஏதாவது பிசகினால் முதலாளி பஞ்சநாதன் கேட்பதற்கு முன்பே “என் தப்பு தாங்க” என்று சொல்லிவிடுவார். சம்பளம் கொடுக்கிறவரிடம் அவ்வளவு சரளமாக வருகிற வாக்கியம், தன்னை ‘தம்பி’ என்று கூப்பிடுகிற மைக் செட்காரரிடம் வெளியே வர மறுத்தது. மனிதனுக்கு வெட்கம் வருகிற இடமும் வரவேண்டிய இடமும் ஒன்றாக இருப்பதில்லை. பாலகுருவுக்கு அதிசயமாக ஒன்றாக இருந்தது, அதுவே சிக்கல்.

சிக்கல் ஒரு கிட்டாரில் தொடங்கியது. பாலிடெக்னிக் படிக்கும்போது பாண்டிச்சேரியில் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார். கொஞ்ச காலம் ஒரு மெல்லிசைக் குழுவில் கல்யாணங்களுக்கு வாசித்தார். பிறகு அவருக்கே கல்யாணம் ஆனது. கிட்டார் பரண் ஏறியது. ஊரடங்கில் லாரிகள் நின்றபோது அதைக் கீழே இறக்கினார், கூடவே செல்போனில் வீடியோ பார்க்கும் பழக்கத்தையும் பிடித்தார். அந்த வீடியோக்களில்தான் ‘ஆம்ப் மாடலிங்’ என்பதைக் கண்டுகொண்டார்.

எலக்ட்ரிக் கிட்டார் தனியாகப் பேசாது. அதற்கு ஆம்ப் என்கிற ஒலி பெருக்கும் கருவி வேண்டும், அந்த ஆம்ப்போடு சேர்ந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். உலகத்தில் பேர்பெற்ற ஆம்ப்களின் குரல்களையெல்லாம் கணினிக் கணக்குகளாக மாற்றி, டிபன் பாக்ஸ் அளவு பெட்டிக்குள் அடைத்து இப்போது விற்கிறார்கள். அதில் கிட்டாரைச் செருகி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யலாம். வாசிக்கிறவன் காதில் மைதானம் அதிரும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கம்பியைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

“கொசு பேட்டுல கொசு மாட்னாப்ல இருக்குது” என்றாள் ரேணுகா.

“உனக்கு அது தான் கேக்கும். எனக்கு இன்னா கேக்குதுன்னு தெரியுமா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்? காதுல நீங்க மாட்டினு இருக்கீங்க.”

ஆன்லைனில் வாங்கிய முதல் பெட்டி சுத்தமாக ஒலித்தது. அதுதான் அதன் குறை என்று பாலகுரு முடிவுசெய்து திருப்பி அனுப்பினார். இரண்டாவது பெட்டியில் கால் மிதிகள் இருந்தன, எதிரொலி இருந்தது, கரகரப்பே பத்துப் பன்னிரண்டு விதமாக இருந்தது. எல்லாம் இருந்தும் ‘அது’ இல்லை. ‘அது’ என்றால் எது என்று அவரால் சொல்லவும் முடியவில்லை. சின்ன வயதில் திருவிழாப் பாட்டுகளின் நடுவே எங்கிருந்தோ வந்த ஒரு கிட்டார். கொஞ்சம் மூக்கால் பேசும், கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கும், ஆனால் நெஞ்சைப் பிடிக்கும். அது ஏதோ வெளிநாட்டு ஆம்ப்பின் குரல் என்று அவர் நம்பியிருந்தார். எந்த ஆம்ப் என்று கண்டுபிடிக்கவே இத்தனை தேர்வும். கிட்டார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கோயம்புத்தூர்க்காரருக்கும் மலேசியாக்காரருக்கும் எந்தப் பெட்டி வாங்கலாம் என்று அவர்தான் ஆலோசனை சொன்னார். ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பதிவு செய்யாதவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பார்கள், அந்தக் குழுவில் பதிவு செய்தவர் யாருமே இல்லை.

இரண்டாவது பெட்டியும் திரும்பிப் போனது. போன வேகத்தில் வந்தும் விட்டது. ஒயர் செருகும் துளையெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது, தண்ணீரில் விழுந்த பொருளை எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள் விற்றவர்கள். “தண்ணில வுழலங்க, எங்க ஊர் காத்து அப்படி” என்று பாலகுரு போனில் மன்றாடினார். பெங்களூரில் போனை எடுத்த பெண்ணுக்குக் காற்றில் உப்பு இருக்கும் என்பது புரியவில்லை. வேறு வழியின்றி அந்தப் பெட்டியோடு அவர் குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று. பீரோவில் பட்டுப்புடவைகள் இருந்த தட்டில் பெட்டி குடியேறியது. ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே ஒரு பல்பு எரிந்தது. புடவைகள் வெளியே காற்று வாங்கின.

அந்த ஆண்டு மாசி மகத்துக்கு ஒரு பாட்டுத் தருவதாக விழாக்குழுத் தலைவர் காசிலிங்கத்திடம் வாக்குக் கொடுத்தார். சுற்று வட்டாரத்து சாமிகளெல்லாம் கடலுக்குத் தீர்த்தவாரி வருகிற நாள். அம்மன் மேல் சொந்தமாக எழுதிய பாட்டு, முன்னால் நீளமாக ஒரு கிட்டார். மாதக்கணக்கில் பதிவு செய்தார். கடைசியாகப் பாட்டை முடித்து எடுக்கும்போதுதான் அந்தத் தப்பு நடந்தது.

இந்தப் பெட்டிகளில் ஒரு பொத்தான் உண்டு. ஆம்ப்பின் குரலோடு, அந்த ஸ்பீக்கர் பெட்டியின் குரலையும் சேர்ப்பதற்கு. வீடியோக்களில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: நேராகப் பதிவு செய்தால் பொத்தானைப் போடு, நிஜ ஸ்பீக்கரில் வாசிக்கப் போகிறாய் என்றால் அணைத்துவிடு, இல்லையென்றால் ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கர் ஏறி ஒலி மங்கும். பாலகுரு யோசித்தார். இந்தப் பாட்டு எங்கே ஒலிக்கப் போகிறது? கடற்கரையில், சடையப்பன் கம்பத்தில் கட்டுகிற கூம்புக் குழாய்களில். குழாய் நிஜ ஸ்பீக்கரா இல்லையா? நிஜம்தான். அணைத்தார். ஹெட்ஃபோனில் தகரத்தை அரத்தால் தேய்ப்பதுபோல் கேட்டது. குழாயில் போனால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்றும் படிக்காதவன் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அந்தப் பொத்தான் இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. வீடியோவில் சொன்னது கிட்டார்க்காரர்கள் மேடையில் வைக்கும் பெட்டியை. கம்பத்துக் குழாயை அல்ல. இது ஸ்பீக்கர் என்றதும் திருவிழாக் கம்பமே நினைவுக்கு வருகிற ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

மாசி மகத்தன்று காலையில் கரை முழுக்க ஜனம். சாமிகள் வரிசையாக நின்றன. சடையப்பன் பாட்டைப் போட்டார். குழாய்களிலிருந்து வந்தது பாட்டு இல்லை.

“ஏம்பா பாலகுரு, மரம் அறுக்குறாங்களே, அது முடிஞ்சப்புறம் தான் பாட்டு வருமா?” என்று காசிலிங்கம் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கரையில் சிரிப்புக்கும் அலை மாதிரிதான், ஒன்று வந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும்.

பாலகுருவுக்கு முகம் எரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

“பாட்டு கரெக்டா தான் இருக்குது. கொழா தான் ஓட்ட. சடையப்பண்ணா, இந்த ஓட்டக் கொழாய இன்னும் எத்தினி வருஷத்துக்கு ஊர் தலையில கட்டினு இருப்பீங்க? இதுல எத போட்டாலும் இப்படி தான் கேக்கும்!”

சிரிப்பு சடையப்பன் பக்கம் திரும்பியது. அறுபதைத் தொட்ட மனிதர். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மாற்றுக்கு வைத்திருந்த குழாய் ஒன்றைத் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

“இருக்கும்பா தம்பி. பழசு தானே” என்றார்.

அவர் மறுத்திருந்தால் பாலகுரு சண்டை போட்டுத் தப்பித்திருப்பார். ஒத்துக்கொண்டதுதான் உள்ளே இறங்கியது. ஆனாலும் அன்றைக்கு அவர் அதைச் செரித்துவிட்டார். குழாய் ஓட்டை என்று அவரே நம்பினார். சில வாரங்கள் கழித்து சடையப்பன் குழாய்களையெல்லாம் விற்றுவிட்டு, நீல விளக்கு எரிகிற கறுப்பு ஸ்பீக்கர் பாக்ஸ்கள் வாங்கினார். கேட்டவர்களிடமெல்லாம், “பாலகுரு தம்பி சொல்லிட்டாப்ல. விஷயம் தெரிஞ்ச ஆளு. அதான் மாத்திட்டேன்” என்றார். அதில் குத்தல் இருந்ததா, நன்றி இருந்ததா என்று பாலகுரு ஆராயவில்லை. பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெருமை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிந்தது. மலேசியாக்காரர் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். அவருக்கு விளக்கம் சொல்வதற்காகப் பாலகுரு தன் பழைய பதிவை எடுத்து அந்தப் பொத்தானைப் போட்டுப் பார்த்தார். அரம் நின்றது. கிட்டார் வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தார்.

“இன்னாங்க, பெட்டி கெட்டுப்போச்சா?” என்றாள் ரேணுகா.

“இல்ல. நல்லா இருக்குது.”

“அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சி இப்படி?”

தப்பு குழாயில் இல்லை, தான் அணைத்த பொத்தானில்தான் என்று அவளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாளிலிருந்து மீன் வர ஆரம்பித்தது.

பங்காளி வீட்டுக் காதுகுத்துக்காக ஒருநாள் இருவரும் பிரம்மதேசம் போனார்கள். ஊருக்கு வெளியே, நெல் வயல்களுக்கு நடுவே வண்டி போய்க்கொண்டிருந்தபோது பாலகுரு சட்டென்று பிரேக் போட்டார். தூரத்தில் பாட்டுக் கேட்டது. பாட்டின் நடுவே ஒரு கிட்டார். கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் தொண்டை கட்டி. அதுதான். இத்தனை பெட்டிகளில் தேடியது.

“ஏறு, ஏறு, பாட்டு முடிஞ்சிட போவுது!”

“நான் எறங்கவே இல்லியேங்க!”

சீர்வரிசைத் தட்டை மடியில் பிடித்துக்கொண்டு ரேணுகா பின்னால் குலுங்க, வரப்பை ஒட்டிய மண் பாதையில் வண்டியை விட்டார். ஒலி வந்த இடம் காதுகுத்து நடக்கிற வீடேதான். பந்தலோரம் மைக் செட்காரர் மணிவண்ணன் நின்றிருந்தார்.

“அண்ணா, இது எந்த செட்டு? உள்ள எதாவது எஃபெக்ட் போட்டிருக்கீங்களா?”

“எஃபெக்ட்டா? கொழாங்க. செகண்ட்ஸ்ல வாங்குனது.”

பாலகுரு அண்ணாந்து பார்த்தார். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாயின் விளிம்பைச் சுற்றி, சிவப்புப் பெயின்ட்டில், கொஞ்சம் உரிந்து, எழுதியிருந்தது: சடையப்பன் சவுண்டு சர்வீஸ், மரக்காணம்.

வெளிநாட்டு ஆம்ப் என்று அவர் தேடியது கம்பத்தில் இருந்திருக்கிறது. அதைத் தேடி வாங்கிய பெட்டியைக் கொண்டே அதை ஊரை விட்டுத் துரத்தியிருக்கிறார். காதுகுத்தில் அழுத பிள்ளையின் முகத்தைவிட அவர் முகம் மோசமாக இருந்ததாக ரேணுகா பிறகு சொன்னாள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர் நேரே சடையப்பன் கடைக்குப் போயிருப்பார். பாலகுருவுக்கு அதைவிடக் கஷ்டமான ஒரு வழி எளிதாகத் தெரிந்தது. எந்த ஸ்பீக்கரின் குணத்தையும் பிடித்துக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. அடியிலிருந்து உச்சி வரை ஏறுகிற ஒரு ஊளைச் சத்தத்தை அதில் செலுத்தி, வெளியே வருவதை மைக்கில் பிடித்துக் கணினிக்குக் கொடுத்தால், அந்த ஸ்பீக்கரின் குரல் ஒரு சின்னக் கோப்பாகக் கிடைக்கும். அதைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டால் கிட்டார் அந்தக் குரலில் பேசும். அவரிடம் இருந்த பெட்டி வெளிக் குரல்களை ஏற்காது. ஏற்கிற பெட்டி எது என்று பார்த்து மூன்றாவதாக ஒன்று வாங்கினார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, இன்னது வேண்டும் என்று தெரிந்து வாங்கிய பெட்டி. பிறகு பிரம்மதேசம் போய் மணிவண்ணனைக் கெஞ்சி, அவர் வீட்டுத் தோட்டத்தில் குழாயைக் கட்டி ஊளையை விட்டார். நாய்கள் பதில் கொடுத்தன. யாருக்கு உடம்பு முடியவில்லை, எந்த வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது என்று விசாரிக்க நாலு பேர் வந்துவிட்டார்கள்.

அந்தக் குரலில் அம்மன் பாட்டை மறுபடி பதிவு செய்தார். திட்டம் இதுதான்: அடுத்த மாசி மகத்தில் பாட்டு ஒலிக்கும், சடையப்பன் தன் குழாயின் குரலைத் தானே கேட்டு அடையாளம் கண்டுகொள்வார், இவர் வாயைத் திறக்கவே வேண்டாம். இத்தனை ஆயிரம் செலவழித்து ஒரு வாக்கியத்தை மிச்சம் பிடிக்கிற மனிதரை உலகம் கஞ்சன் என்று சொல்லாது. வேறு என்ன சொல்லும் என்று தெரியவில்லை.

“நேரா சொன்னா இன்னா, வாயி வெந்துடுமா?” என்றாள் ரேணுகா.

“கேட்டதும் அவருக்கே புரியும்டி. நீ பாரு.”

மாசி மகம் வந்தது. அதே கரை, அதே ஜனம். கறுப்பு பாக்ஸ்களில் நீல விளக்கு வெயிலில் வெளிறித் தெரிந்தது. போன தடவையை நினைத்துக் காசிலிங்கம் தயங்கினார். சடையப்பன்தான், “தம்பி பாட்டு தானே, போடலாங்க, இப்ப புது செட்டு” என்று வாங்கிப் போட்டார்.

கிட்டார் தொடங்கியது. மூக்கால், தொண்டை கட்டி, அச்சு அசல் குழாய். பாலகுரு சடையப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் ஒரு கணம் நிமிர்ந்தது. பிறகு வெளிறிப்போனது.

சடையப்பன் ஓடினார். பாக்ஸின் பின்னால் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். காதை வைத்துக் கேட்டார். அடுத்த பாக்ஸுக்கு ஓடி அதையும் தட்டினார். இவ்வளவு செலவு செய்து வாங்கிய புது பாக்ஸ், விற்றுவிட்ட குழாய் மாதிரிக் கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கெட்டுப்போய்விட்டது.

“இன்னா சடையப்பா, இதுவும் ஓட்டயா?” என்றார் காசிலிங்கம். ஜனம் சிரித்தது. போன தடவை சிரித்தவர்களே. அவர்களுக்குப் பழகிய சிரிப்பு.

சடையப்பன் பாலகுருவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். “தம்பி, ஒரு நிமிஷம்பா. இன்னான்னு தெரில. உன் பாட்டு மேல தப்பு இல்ல. நான் சரி பண்ணிடறேன்.”

பாக்ஸின் பின்னால் உட்கார்ந்து இன்னொரு ஒயரைப் பிடுங்கினார்.

பாலகுரு பாட்டை நிறுத்தினார். அறிவிப்புக்கு வைத்திருந்த மைக்கை எடுத்தார். அது ஒருமுறை கீச்சிட்டது. கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“அண்ணா, பாக்ஸ் நல்லா தான் இருக்குது. தொடாதீங்க. பாட்டுல நான் தான் உங்க கொழா சவுண்ட போட்டிருக்கேன். போன வருஷமும்... கொழா மேல தப்பு இல்ல. நான் ஒரு பட்டன போடாம உட்டுட்டேன். தப்பு என்னுது. உங்க மேல போட்டுட்டேன்.”

அவர் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த வெட்கம் சடையப்பனின் பாக்ஸ்களில் துல்லியமாக ஒலித்தது. நல்ல பாக்ஸ்கள்தான்.

“எந்தப் பட்டன்பா?” என்றார் காசிலிங்கம்.

சடையப்பன் எழுந்து அருகில் வந்தார். மைக்கில் படாத குரலில் கேட்டார்.

“அப்ப நல்லா இருந்த கொழாயயா நான் வித்தேன்?”

“ஆமாண்ணா.”

சடையப்பன் கடலைப் பார்த்தார். திட்டுவார் என்று பாலகுரு காத்திருந்தார். திட்டுக்காக ஏங்கினார் என்றே சொல்லலாம். சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சாமி எறங்குது. பாட்டப் போடு” என்றார். பாட்டு முழுதும் ஓடியது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

இப்போது பாலகுரு நேர் வழியில்தான் வருகிறார். வீட்டில் சாம்பார் வைக்கிறார்கள். ஆனால் முதல் சில வாரங்கள் அவர் கடை முன்னால் வண்டியை நிறுத்தியதும் சடையப்பன் எதையோ தேடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒருவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான் என்பதற்காக நல்ல பொருளை விற்றவருக்கும் ஒரு வெட்கம் இருக்குமல்லவா. இரண்டு பேரில் யார் அதிகம் கூசினார்கள் என்று டீக்கடையில் வெகு நாள் பேசினார்கள்.

பிறகு அனுமந்தையிலிருந்து ஒருவர் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு செட்டு பேச வந்தார். “பாக்ஸ் வேணாங்க. பெருசுங்க கொழா தான் வேணும்ன்றாங்க” என்றார். கடை வாசலில் பாலகுரு நின்றிருந்தார். சடையப்பன் உள்ளே போகவில்லை.

“கொழா நம்மகிட்ட இல்லீங்க. இதோ நிக்கிறாரு பாருங்க, இவர் பொட்டிக்குள்ள போயிடுச்சி. வேணும்னா அவரையும் சேத்து கூட்டினு வர்றேன்.”

பாலகுரு தலை நிமிரவில்லை. “எந்த நாளுண்ணா?” என்று மட்டும் கேட்டார்.

அப்படித்தான் ஆனது. வீட்டில் கிட்டார் பதிவு செய்வதற்காக உலகத்தையே சலித்துத் தேர்ந்தெடுத்த அந்தப் பெட்டி இப்போது ஆடி மாதத்தில் ஊர் ஊராகப் போகிறது. பாட்டுகளைத் தன் வழியாக விட்டு, சடையப்பனின் புது பாக்ஸ்களைப் பழைய குழாய் மாதிரிப் பேசவைப்பதுதான் அதற்கு வேலை. பாலகுரு பந்தலோரம் நாற்காலியில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஈரம் படாமல் துண்டால் மூடி, பாட்டு மாறும்போதெல்லாம் பொத்தானைப் பார்த்துக்கொள்கிறார். யாராவது அருகில் வந்து, “இவர் யாருங்க?” என்று கேட்டால் சடையப்பன் சிரிக்காமல் சொல்வார்:

“கொழா.”

பாலகுருவுக்குக் காது சிவந்துவிடும். ஆனால் எழுந்து போவதில்லை.